கோழிக்கால் நோய்க்கு மார்க்கர் உண்டா?

கேள்வி, 2023 அக்டோபர் 29
ஹாலந்தில் மரபணு மார்க்கர் வைத்து நோயே வராத வெங்காயம் உருவாக்கி விற்கிறார்கள் என்று படித்தேன். இங்கே ஒன்றரை ஏக்கர் சின்ன வெங்காயம் கோழிக்கால் நோயில் போய்க்கொண்டிருக்கிறது. நாலு தடவை மருந்து அடித்தாயிற்று. அந்த மார்க்கரை வாங்கி நம் வெங்காயத்தில் போட முடியாதா? முடியும் என்றால் ஏன் இதுவரை யாரும் செய்யவில்லை?

பதில், 2023 அக்டோபர் 29, இரவு
மார்க்கரை வாங்கிப் போட முடியாது. பள்ளிக்கூட டி.சி.யில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று அங்க அடையாளம் எழுதுவார்களே, மார்க்கர் அந்த மாதிரி. மச்சம் இருப்பதால் பையன் கணக்கில் நூறு வாங்கிவிடுவதில்லை. நூறு வாங்குகிற பையனுக்கு மச்சம் உண்டு என்று தெரிந்திருந்தால், கூட்டத்தில் அவனைச் சட்டென்று பிடித்துவிடலாம், அவ்வளவுதான்.

நோயைத் தாங்கும் மரபணுவுக்குப் பக்கத்திலேயே, அதே குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் ஒரு டிஎன்ஏ துண்டுதான் அந்த மச்சம். நாற்றங்காலில் இருக்கும்போதே இலை நுனியைக் கிள்ளிப் பார்த்து, இந்த நாற்றில் அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாம். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் தாங்குகிற செடி என்று ஒன்று முதலில் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் மச்சத்தைத் தேடி என்ன பயன்?

2023 அக்டோபர் 30
நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டேன். நான் யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு வருடம் ஒரு காய்கறி விதை நிறுவனத்தின் ஆய்வகத்தில் வெங்காய இலை அரைத்த ஆள். இப்போது பெரம்பலூர் பக்கம் ஊரில், சித்தப்பாவோடு சேர்ந்து சின்ன வெங்காயம். எனக்கும் கோழிக்கால்தான்.

ஹாலந்துக்காரர்கள் ஜெயித்தது அடிச்சாம்பல் நோயை. அதைக் கொண்டுவரும், பூஞ்சாணம் மாதிரியான நுண்ணுயிருக்குப் பெரோனோஸ்போரா டெஸ்ட்ரக்டர் என்று பெயர், பெயரிலேயே அழிப்பவன் இருக்கிறான். குளிரும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் தாள் முழுக்கச் சாம்பல் பூத்துச் சாய்ந்துவிடும். அதற்கு எதிர்ப்பு கிடைத்தது ஆலியம் ராய்லி என்ற காட்டுச் செடியில். வெங்காயத்துக்குத் தூரத்து உறவு. சொந்த ஊர் வடமேற்கு இமயமலை. சகாரன்பூர் தாவரத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்ட ராய்ல் என்பவரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். நம் மலைச் செடி, அவர்கள் ஊர் வெங்காயத்தைக் காப்பாற்றியது.

எதிர்ப்பைக் கொடுப்பது ஒரே ஒரு மரபணு. பிடி1 என்பார்கள். 3ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எந்த மரபணுவும் செடியில் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். பிடி1 ஒரு பிரதி இருந்தாலே செடி தாங்கும். ஒரே மரபணுவின் வேலை என்பது 1990 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் ஏன் இத்தனை வருடம் என்றால், சிக்கல் பிடி1இல் இல்லை, அதன் பக்கத்து வீட்டில். காட்டுச் செடியிலிருந்து வந்த அதே துண்டில் இன்னொரு கேடும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தத் துண்டு இரண்டு பிரதி சேர்ந்தால் செடி பிழைக்காது. விதை நிறுவனத்துக்கு இது பெரிய இடி. பெற்றோர்ச் செடியில் இரண்டு பிரதியும் இருந்தால்தான் பாக்கெட்டில் போகும் விதை ஒவ்வொன்றிலும் ஒன்றாவது இருக்கும். இல்லாவிட்டால் பாதி விதை நோய் வாங்கும், பாதி வாங்காது. அப்படி ஒரு பாக்கெட்டை யாரிடம் விற்பது?

அந்தக் கேட்டையும் பிடி1ஐயும் பிரித்துவிட்ட ஒரு குறுக்குமாற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டு மாற்றிக்கொள்வது, எங்காவது ஒரு நாற்றில் நடந்திருக்க வேண்டும். அதைத் தேடித்தான் தலைமுறை தலைமுறையாக நாற்றுகளைச் சலித்தார்கள். மார்க்கர் உண்மையில் சம்பாதித்துக் கொடுத்தது இங்கேதான். இரண்டு பிரதியும் உள்ள, செத்துப்போகாத செடிகள் கிடைத்த விவரம் 2007இல் கட்டுரையாக வந்தது. சான்டெரோ, ஹைலாண்டர் என்ற ரகங்கள் இந்த வழியில் வந்தவை.

2023 அக்டோபர் 31
'நோயே வராத வெங்காயம்' என்று கேள்வியில் இருந்ததைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டேன். அடிச்சாம்பல் ஒன்றைத்தான் அது தாங்கும். மற்ற நோயெல்லாம் வழக்கம்போல வரும். அந்த ரகம் பெரம்பலூர் வெயிலில் காயும் பிடிக்காது. நீண்ட பகல் வேண்டும் அதற்கு.

2023 நவம்பர் 4
கோழிக்காலுக்கு வருகிறேன். இன்று காலையில் எங்கள் வயலில் பார்த்ததை எழுதுகிறேன்: நட்டு 38 நாள். வாய்க்கால் ஓரத்துப் பாரில் தாள் நிமிர்ந்து நிற்காமல் வெளிப்பக்கம் வளைந்து, நுனி மறுபடி உள்ளே சுருண்டு, கோழி காலைத் தூக்கி விரலை மடக்குமே, அதே தோற்றம். தாளில் நீள்வட்டமாக வெளிறிய புள்ளி, நடுவில் வட்டம் வட்டமாகக் கறுப்புப் பொட்டு. பிடுங்கிப் பார்த்தால் கழுத்து மட்டும் ஒரு விரல் நீண்டிருக்கிறது. கீழே காய் பென்சில் பருமன்.

புத்தகத்தில் இதைத் திருகல் நோய் என்பார்கள். காரணம் என்ன என்பதில்தான் தகராறு. கோலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சாணம் என்று பல காலமாகச் சொல்கிறார்கள். நைஜீரியாவிலிருந்து 1980இல் வந்த கட்டுரையும் அதன் குடும்பத்தைத்தான் குற்றம் சாட்டியது. ஆனால் கழுத்து நீளுவதற்கு பியூசேரியமும் கூட்டு என்று இன்னொரு கட்சி உண்டு. அந்த வகைப் பூஞ்சாணங்களில் சில, ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரப்பவை. நெல்லில் நாற்று திடீரென்று உயர்ந்து வெளிறும் நோயும் அப்படி வந்ததுதானே.

மார்க்கர் தேடுகிறவனுக்கு இந்தத் தகராறு உயிர் போகிற விஷயம். ஐந்நூறு செடியை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றுக்கும் நோய் எவ்வளவு என்று 0 முதல் 5 வரை மார்க் போட வேண்டும். அந்த மார்க்கையும் டிஎன்ஏவையும் பொருத்திப் பார்த்துத்தான் மார்க்கர் கிடைக்கும். இரண்டு மூன்று பூஞ்சாணம் சேர்ந்து விளையாடினால் நீங்கள் போடுவது எதற்கு மார்க் என்றே தெரியாது. மார்க் சரியில்லாத இடத்தில் மார்க்கர் கிடைக்காது.

ஒரு நல்ல செய்தி: கோலெட்டோட்ரைக்கத்தைத் தாங்கும் செடிகளைத் தேடி 1997இல் ஒரு ஆய்வு வந்தது. தாங்கியவற்றில் ஒன்று, மறுபடியும் அதே ஆலியம் ராய்லி.

2023 நவம்பர் 5
'இது மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காய் மாதிரியா?' என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. இதில் வெளியிலிருந்து மரபணு எதையும் ஊசி போட்டு ஏற்றுவதில்லை. பூவோடு பூவைச் சேர்த்து வந்த பிள்ளைகளில் எது வேண்டும் என்று டிஎன்ஏவைப் பார்த்துப் பொறுக்குகிறோம். பொறுக்குவது மட்டும்தான் ஆய்வகம்.

2023 நவம்பர் 12
தீபாவளி. மழை. வேலை இல்லை. பழைய கதை ஒன்று.

வெங்காய இலையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது அருவருப்பான வேலை. முற்றிய தாளை அரைத்தால் வெண்டைக்காய் மாதிரிக் கொழகொழத்துப் பிப்பெட் முனையில் நூல் நூலாக இழுக்கும். அதனால் நடுக்குருத்தில் அரை அங்குலம் மட்டும் எடுப்போம். 96 குழி உள்ள தட்டு, 8 வரிசை, 12 பத்தி. 95 நாற்றின் இலை, கடைசிக் குழியில் வெறும் தண்ணீர். தண்ணீரில் ஒன்றும் வரக் கூடாது. அதில் வந்தால் எங்கோ கலப்படம்.

ஒரு நாள் முடிவு வந்தபோது முதல் குழியில் ஒன்றுமே இல்லை, கடைசித் தண்ணீர்க் குழியில், டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை ஒன்று பளிச்சென்று. முதல் செடியில் டிஎன்ஏ சரியாக வரவில்லை, கடைசியில் லேசான கலப்படம், மற்ற 94 நன்றாக இருக்கிறது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதிர்ப்பு இல்லை என்று வந்த நாற்றுகளைப் பிடுங்கி எருக்குழியில் போட்டார்கள்.

பதினொரு நாள் கழித்து, பேருந்தில் வரும்போது, எந்த யோசனையும் இல்லாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. தட்டு தலைகீழ். அரைத்துவிட்டு எடுத்து வைத்தபோது 180 பாகை திருப்பி வைத்திருக்கிறேன். 1ஆம் செடியின் விடை 96இல், 2ஆம் செடியின் விடை 95இல். அந்தத் தண்ணீர்க் குழி இருப்பதே இதைக் கண்டுபிடிக்கத்தான். அது கத்தியிருக்கிறது, நான் கேட்கவில்லை.

எருக்குழிக்கு ஓடினேன். வெங்காய நாற்று லேசில் சாகாது என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஏழு நாற்று சாணக் குப்பையில் வேர் விட்டு நின்றது. எண் இல்லை, பெயர் இல்லை. ஏழையும் தனித்தனியாக மறுபடி சோதித்தேன். இரண்டில் எதிர்ப்பு இருந்தது. அந்த இரண்டில் ஒன்றின் வம்சம்தான் அடுத்த மூன்று வருடம் எங்கள் கூண்டில் ஓடியது. இது எனக்குப் பாராட்டும் வாங்கித் தந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

2023 நவம்பர் 19
'ஏன் இத்தனை வருடம்' என்பதற்கு நான் சொன்னது பாதிதான். வெங்காயத்துக்கே அவசரம் கிடையாது. முதல் பருவத்தில் காய், காய் குளிர் வாங்கி உறங்கி எழுந்து அடுத்த பருவத்தில் பூ, அதன் பிறகு விதை. குளிர்நாட்டில் ஒரு தலைமுறைக்கு இரண்டு வருடம். பேக்கிராஸ், அதாவது பிள்ளையை மறுபடி வெங்காயத்தோடேயே கலப்பது, ஆறு முறை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தக்காளியை மாதிரித் தன் பூவுக்குத் தானே மகரந்தம் போட்டு, பிள்ளைகள் மாறாமல் வரும் தூய வரிசை எடுக்கலாம் என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளாது. இரண்டு தலைமுறை சொந்தத்துக்குள் கட்டினாலே காய் நெல்லிக்காய் ஆகிவிடும். பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூ, எல்லாம் வெவ்வேறு நாளில் விரியும். வலைக்கூண்டுக்குள் ஈ விட்டால்தான் மகரந்தம் சேரும். ஈ எங்கிருந்து வரும்? மீன் கழிவில் புழு வளர்ப்போம். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று காலையில்கூட நான் புழு வாளி மாற்றிவிட்டுத்தான் போனேன். அந்த வீட்டில் சம்மதிக்கவில்லை. காரணம் அதுதானா என்று இன்றுவரை தெரியாது.

டிஎன்ஏவின் அளவு இன்னொரு கொடுமை. வெங்காயத்துக்குச் சுமார் 1600 கோடி எழுத்து, மனிதனுக்கு 300 கோடி சொச்சம். உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பார்கள், உள்ளே நம்மைப்போல ஐந்து மடங்கு. பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் ஒரே பல்லவி. முதல் முழு வரைவு 2021இல்தான் வந்தது.

2023 டிசம்பர் 9
நேற்றிலிருந்து வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. நோய் இல்லாத வெங்காயமும் இப்போது திருகிக்கொண்டுதான் கிடக்கிறது.

2023 டிசம்பர் 17
ஒரு மாதமாக மண்டையில் ஓடிய விஷயம். அக்டோபர் 30 குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஹாலந்துக்காரர்களின் இடி எதில் இருந்தது? விதையாக விற்க வேண்டும் என்பதில். இரண்டு பிரதி வேண்டும், இரண்டு சேர்ந்தால் செத்துவிடும்.

நாம் என்ன செய்கிறோம்? காயை நட்டுக் காயை எடுக்கிறோம். தாயும் பிள்ளையும் ஒரே டிஎன்ஏ. தாய்க் காயில் எதிர்ப்பு ஒரு பிரதி இருந்தால் எல்லாக் காயிலும் அதே ஒரு பிரதி இருக்கும். ஒரு பிரதியே போதும் என்றால் வேலை முடிந்தது. தூய வரிசை வேண்டாம், பக்கத்து வீட்டுக் கேட்டை விரட்ட வேண்டாம், காய் நெல்லிக்காய் ஆகுமே என்ற பயமும் வேண்டாம். ஆய்வகத்தில் இருந்த ஆறு வருடமும் 'சின்ன வெங்காயம் பிரீடருக்கு உதவாத பயிர், பூக்கவே மாட்டேன் என்கிறது' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அது தப்பு. கலப்புக்கு ஒரே ஒரு முறை பூத்தால் போதும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் நன்றாகப் பூக்கிற சின்ன வெங்காயம், விதை போட்டே நாற்று விடலாம். அதைத் தாயாக வைத்து, ராய்லி வழி வந்த எதிர்ப்பைக் கொண்டுவந்து, மார்க்கர் வைத்து நாற்றிலேயே பொறுக்கி, நல்ல காய் பிடிக்கிற ஒன்றை எடுத்துக் காயாகவே பெருக்கலாம்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "ஒரு காய்லேருந்து ஆரம்பிச்சா ஒரு ஏக்கர் எப்ப வரும்?" என்றார். சரியான கேள்வி. ஒரு காய்க்கு ஆறு காய் என்று வைத்தால் ஆறாவது போகத்தில் 46,656, ஏழாவதில் 2,79,936. ஏக்கருக்கு ஏறக்குறைய 1,80,000 காய் நடுகிறோம். வருடம் இரண்டு போகம் என்றால் மூன்றரை வருடம். "நடுவுல பட்டறையில அழுகுறது?" என்றார். அடுத்த நடவுவரை காயைச் சேர்த்து வைக்கும் பட்டறையில் போவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

2023 டிசம்பர் 18
நேற்று ரொம்பச் சந்தோஷப்பட்டுவிட்டேன். காயாகவே பெருக்கினால் நல்லதோடு கெட்டதும் பெருகும். வைரஸ் வந்தால் வம்சத்தை விட்டுப் போகாது. அடித்தாள் அழுகல் பூஞ்சாணம் விதைக் காயோடு அடுத்த வயலுக்குப் பயணம் செய்யும். அப்புறம், ஊர் முழுக்க ஒரே டிஎன்ஏவில் ஒரே மரபணுவை நம்பி நிற்பது, ஒரே சாவியில் நூறு வீட்டைப் பூட்டுவது. பூஞ்சாணத்தில் ஒருவன் அந்தச் சாவியைச் செய்துவிட்டால் கதை முடிந்தது. ஆகவே ஒன்றுக்குப் பதில் வெவ்வேறு வம்சம் ஏழெட்டு வேண்டும். இருந்தாலும் 17ஆம் தேதி எழுதியதை அழிக்கப் போவதில்லை.

2024 ஜனவரி 6
அறுவடை. நோய் தாக்கிய பகுதியில் நேராக நின்ற கொத்து 14. ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். தனித்தனிக் கோணிப்பையில் போட்டுப் பட்டறையில் ஒரு மூலை.

2024 பிப்ரவரி 11
வெங்காயத்தின் இன்னொரு நோயான ஊதாப் புள்ளி நோய்க்கு மார்க்கர் வந்துவிட்டதே என்று சுட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆமாம். அர்கா கல்யாண் ரகத்தையும் அக்ரிபவுண்ட் ரோஸையும் கலந்து, ஏபிஆர்1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்து 2018இல் வெளியிட்டார்கள். பக்கத்தில் இரண்டு மார்க்கர், 1.1, 1.3 சென்டிமார்கன் தூரத்தில். ஒரு சென்டிமார்கன் என்றால் நூறு பிள்ளைகளில் ஒன்றில் மச்சமும் திறமையும் பிரிந்துபோகும் என்று பொருள். நல்ல நெருக்கம்தான்.

ஆனால் அது அந்த இரண்டு ரகத்தின் பிள்ளைகளுக்குள் கிடைத்த நெருக்கம். என் வயல் சின்ன வெங்காயத்தில் அதே பட்டை தெரிந்தால் எதிர்ப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பக்கத்து ஊரிலும் வலது முழங்கையில் மச்சம் உள்ள பையன் இருப்பான், கணக்கில் பெயில். ஆய்வகத்தில் வேறொரு மார்க்கரில் நான் இப்படி ஏமாந்திருக்கிறேன். பட்டை இருந்த செடியெல்லாம் வயலில் படுத்துவிட்டன.

2024 ஜூன் 2
14இல் பட்டறையில் அழுகியது 3. மீதி 11ஐ இன்று நட்டோம்.

2024 ஜூன் 3
எனக்கு நானே ஒரு குட்டு. நடும்போது பழைய நோட்டைப் பார்த்தேன். ஜனவரியில் எடுத்த 14 கொத்தில் 9 கிழக்கு மேட்டில் நின்றவை. அங்கே தண்ணீர் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. தாள் காய்ந்துவிடும், பூஞ்சாணத்துக்கு இறங்க இடமில்லை. அதைப் போய் எதிர்ப்பு என்று சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். நோய் வராமல் தப்பித்ததையும் வந்ததைத் தாங்கியதையும் பிரிக்காமல் மார்க் போட்டால் என்ன ஆகும் என்று நவம்பரில் ஊருக்கு உபதேசம் செய்தவன் நான். மேற்குப் பள்ளத்தில் நின்ற 5இல் பட்டறையில் போனது 1. உண்மையில் நம்பக்கூடியது 4.

2024 அக்டோபர் 20
ஜூனில் நட்டு எடுத்த 11 வம்சத்துக் காயையும் மேற்குப் பள்ளத்தில் மூன்று மூன்று இடமாகக் கலைத்துக் கலைத்து நட்டிருக்கிறேன். இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரு வரிசை, போன வருடம் முதலில் சாய்ந்த பாரின் காய். நோயைக் கூப்பிட்டு உட்கார வைக்க. இன்று 24ஆம் நாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்கிறார்கள், எங்கள் பக்கம் இன்னும் தூறல்கூட இல்லை.

காலையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றேன். சித்தப்பா மேட்டில் தன் ஒரு ஏக்கருக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். "வெங்காயம் போட்டுட்டு அடைமழை வரணும்னு நிக்கிற ஆளை இப்பத்தான்டா பார்க்கிறேன்" என்றார். பள்ளத்துப் பக்கம் மருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காற்று மேற்கே அடிக்கிறது.